சுண்ணாம்புக் கோடு

குரு வேதவல்லிக்கு நாற்பத்தாறு வயது. சீடர் சிவசைலத்துக்கு அறுபத்தொன்று. முப்பது ஆண்டுகள் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தம்மைவிட இளையவரிடம் பாடம் கேட்பதில் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. அன்று காலை அவருடைய குறையெல்லாம் ஊர்க்குளத்தைப் பற்றியது.

"அம்மா, இந்தத் தொண்டர்களோடு மாரடிக்க இனி என்னால் ஆகாது."

வேதவல்லி முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். முருங்கை மரம் பழுத்த இலைகளை உதிர்த்துத் தள்ளியிருந்தது.

"என்ன செய்தார்கள்?"

"உழைத்தார்கள். அதுதான் வினை. பசுமைக் குழு கரையிலிருந்த சீமைக்கருவேலத்தை வெட்டி வாய்க்காலில் போட்டது. வாய்க்காலைத் தூர்வாரிய இளைஞர் மன்றம் அந்த முள்ளையும் சேற்றையும் வாரி மரக்கன்றுகளின் தலையில் கொட்டியது. கன்று நட்ட மகளிர் குழு சும்மா இருக்குமா? அத்தனையையும் திரும்ப வாய்க்காலிலேயே தள்ளிவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, நூற்றிருபது பேர். வாய்க்கால் முன்பைவிட மோசமாக அடைபட்டுக் கிடக்கிறது."

"மழைக்கு எத்தனை நாள்?"

"பத்து நாள் இருந்தால் அதிகம். அந்த வாய்க்கால் வழியாகத்தான் குளத்துக்குத் தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் சித்திரையில் ஊர்க்கிணறு ஒன்றிலும் வாளி நனையாது."

"முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்கலாமே."

"பேசாமலா? ஐந்து கூட்டம். ஐந்திலும், குளக்கரையில் வைக்கப்போகும் பெயர்ப்பலகையில் எவர் பெயர் மேலே என்பதே பேச்சு. கடைசியில் நானே குளத்தை அளந்தேன். கரை ஒருவருக்கு, வாய்க்கால் ஒருவருக்கு, கன்றுத் திடல் ஒருவருக்கு என்று சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்தேன். அவரவர் பங்கு சுத்தமாக இருந்தால் போதும் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். ஒரு மனிதன் இதற்குமேல் என்ன செய்வது?"

வேதவல்லி துடைப்பத்தின் அடியால் முற்றத்தின் நடுவே ஒரு கோடு கிழித்தார். சுவரில் சாய்த்திருந்த இன்னொரு துடைப்பத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அந்தப் பாதி உங்களுடையது."

சிவசைலம் கூட்டினார். பொறியாளர் கை, வரிசை பிசகவில்லை. நிமிர்ந்தபோது அவர் பாதியில் மீண்டும் இலை கிடந்தது. குருவின் பாதி பளிச்சென்றிருந்தது. மறுபடி கூட்டினார். மறுபடி வந்தது. இடுப்பு வலித்தது.

"அம்மா, நீங்கள்தான் என் பக்கம் தள்ளுகிறீர்கள்."

"என் பாதி சுத்தமாக இருக்கிறதா?"

"இருக்கிறது. அதற்காக..."

"கையெழுத்து வேண்டுமானால் போட்டுத் தருகிறேன்."

சிவசைலத்தின் காது சிவந்தது. இலைகளைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு வெறுங்காலால் அதைத் தேய்த்தார். வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்தார்.

"சரி அம்மா. குளத்திலும் அழித்துவிடுகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோடு இல்லையென்றால் அவர்கள் அடித்துக்கொள்வார்கள்."

"அடித்துக்கொள்ளட்டும்" என்றார் வேதவல்லி, இலைகளை ஒரே குவியலாக ஒதுக்கியபடி. "ஒரே வாய்க்காலில் இறங்கி நின்று அடித்துக்கொள்ளட்டும்."