பட்டமரத்துச் சின்ன வாசல்

உட்காருங்கள் எல்லோரும். நின்றுகொண்டு கேட்பவர்களுக்குக் கதை சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மலைகளுக்கு மனிதர்கள் பெயர் வைப்பதற்கும் முன்னால், ஒரு மலைச்சோலையில் சின்ன ஆந்தை ஒன்று வாழ்ந்தது. பெயர் பொட்டுக்கண்ணன். உள்ளங்கையில் அடங்குவான், பெருமை மட்டும் யானை அளவு. அவன் மனைவி சிறுவாலி.

முட்டையிடும் பருவம் வந்தது. ஆந்தைக்குப் பொந்து குடையத் தெரியாது. கிடைத்த பொந்தில்தான் குடித்தனம். பொட்டுக்கண்ணன் ஓங்கி வளர்ந்த நாவல் மரம் ஒன்றைப் பிடித்தான். பெருங்கிளை முறிந்த இடத்தில் பொந்து. வாசல் அகலமோ அகலம்.

"பார்க்கிறவன் மூக்கில விரலை வைக்கணும்," என்றான்.

மரநாய் பார்த்தது. தலையை உள்ளே விட்டது. முட்டைகள் போயின.

சிறுவாலி அழுதாள். மறுபடி முட்டை சுமந்தாள். அவனுக்குப் புத்தி வந்ததா? எங்கே! அதைவிடப் பெரிய மரம், அதைவிடப் பெரிய வாசல். மரநாய் இம்முறை தோளோடு நுழைந்தது. தின்றுவிட்டு அங்கேயே படுத்தும் தூங்கியது.

மூன்றாம் முறை முட்டை கனத்தபோது மழைக்காலம் நெருங்கிவிட்டது. இதுவும் போனால் அந்த ஆண்டு குஞ்சே கிடையாது. பொட்டுக்கண்ணனோ இன்னொரு பெரிய மரத்தைக் காட்டினான்.

"போதும் சாமி! இறக்கை வலிக்குது, வயிறு எரியுது. உங்க அரண்மனையில நீங்களே போய் இருங்க," என்றாள் சிறுவாலி. புதர் சூழ நின்ற பட்டமரம் ஒன்றில் மரங்கொத்தி குடைந்த பொந்து இருந்தது. உடம்பை ஒடுக்கிக்கொண்டு அதற்குள் புகுந்துவிட்டாள்.

"செத்த மரத்திலா? வெட்கக்கேடு!" என்று அவன் புதருக்குள் ஒளிந்துகொண்டான்.

அந்தியில் மரநாய் வந்தது. மூக்கை விட்டது, நுழையவில்லை. காலை விட்டது, எட்டவில்லை. வாசலைப் பிராண்டியது, நகம்தான் தேய்ந்தது. புதருக்குள் பொட்டுக்கண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கடைசியில் மரநாய் சலித்துப்போய் இறங்கிப் போயிற்று.

அவன் மெல்ல வந்து வாசலில் உட்கார்ந்தான். "சிறுவாலி, நான் மடையன். உள்ளே வரட்டுமா?"

"இடமில்லை," என்றாள் அவள் உள்ளேயிருந்து. "பசிக்குது. ஓணான் ஏதாவது பிடிச்சிட்டு வந்து, வெளியவே நின்னு கொடுங்க."

குஞ்சுகள் பறக்கும்வரை அவன் வெளியவே நின்று கொடுத்தான்.

இதை எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன்! வாய் ஓய்ந்ததுதான் மிச்சம். இருந்தாலும் சொல்கிறேன்: ஊர் மெச்சும் வீட்டைவிட, பெற்ற பிள்ளை பிழைக்கும் வீடே பெரிய வீடு.