எழுதிப் பார்த்த தாள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. தாளில் நிப்பு உரசுகிற சத்தம் எவ்வளவோ, அவ்வளவுதான் இந்தக் கதையின் சத்தம். தள்ளி உட்கார்ந்தால் பாதி காற்றோடு போய்விடும்.

வந்தாச்சா? சரி.

"எந்தப் பேனாவுல எழுதினா என் வீட்டுக்காரி திரும்பி வருவா?"

இப்படிக் கேட்டுக்கொண்டேதான் பால்வண்ணம் மாஸ்டர் கடைக்குள் ஏறினார்.

கடை என்றால் பாளையங்கோட்டையில் மைமூன் பீவி நடத்துகிற பேனா ஆஸ்பத்திரி. போஸ்டாபீஸுக்கு எதிர்ச்சாரி. நாலு பேர் உள்ளே நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். அன்றைக்கும் தெருவில் ரெண்டு காலேஜ் பிள்ளைகளும் ஒரு வக்கீலம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள்.

மைமூனுக்கு வயசு நாற்பது. பேரிலேயே மை இருக்கிறது. நிப்பை அவள் கண்ணால் பார்ப்பது அப்புறம்தான். முதலில் தாளில் ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லிக் காதைக் கொடுப்பாள்.

"நிப்புல இடது பல் தூக்கியிருக்கு" என்பாள்.

நகத்தால் ஒரு அமுக்கு. அவ்வளவுதான். எண்ணெய் தேய்த்த தலையில் சீப்பு ஓடுகிற மாதிரி அந்தப் பேனா ஓடும்.

மாஸ்டருக்கு வயசு அறுபத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷமாக வாரம் தவறாமல் இந்தக் கடைக்கு வருகிறவர். வயசில் மூத்தவர்தான், ஆனாலும் மைமூனைக் குரு என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு வெட்கமே கிடையாது.

அவர் கையெழுத்தைச் சொல்ல வேண்டும். ஊரில் எந்தக் கல்யாணக் கவரில் பேர் எழுதவும், எந்த வாழ்த்துமடல் எழுதவும் அவர் கைதான். அவர் ஒரு ழ போட்டால், பார்க்கிற ஆள் தன்னையறியாமல் வாய்க்குள்ளே நாக்கை மடக்கிப் பார்ப்பான். அப்படி ஒரு ழ.

பால் பாயிண்ட் பேனாவை மட்டும் தொடமாட்டார். கூரியர்காரன் நீட்டினால் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

"ஆவுடையக்கா எங்க போனாங்க?" என்றாள் மைமூன்.

"அம்பாசமுத்திரத்துக்கு. தங்கச்சி வீட்டுக்கு. போயி இருபது நாளாச்சு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யலையே."

மைமூன் கண்ணில் வைத்திருந்த லென்ஸை எடுத்துக் கீழே வைத்தாள்.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்குக் காய்ச்சல். தொண்டை காயுது, ஒரு வாய் வெந்நி தாங்கன்னா. அடுப்புல வெந்நி இருந்துது. ஆனா அது..."

"அது?"

"நிப்பு கழுவ வச்சது."

"அடப்பாவி!" என்றாள் தெருவில் நின்ற வக்கீலம்மா. சத்தமாகவே.

"சூடு ஆறிட்டா பழைய மை இளகாதும்மா" என்று மாஸ்டர் அவளிடம் நியாயம் சொன்னார். "இதுல பேனாவை முக்கிட்டு உனக்கு வேற வச்சுத் தாரேன்னுதான் சொன்னேன். காய்ச்சல் விட்ட அன்னைக்கே பையைத் தூக்கிட்டா."

"ஒண்ணுமே சொல்லாமலா?"

"சொன்னா, சொன்னா. 'ஊருக்கெல்லாம் எழுதுத கை. முப்பத்தாறு வருஷத்துல எனக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கா? எழுதுங்க, வாரேன். இல்லைன்னா தைப்பூசத்துக்கு மறுநாள் ரேஷன் கார்டை இங்கயிருந்து மாத்திக்கிடுதேன்.' இவ்வளவும் சொன்னா."

"போன் போட்டுப் பேச வேண்டியதுதானே?"

"எடுக்க மாட்டேங்கா. காதுல கேட்டது போதும், கண்ணுல காட்டச் சொல்லுன்னு தங்கச்சிகிட்ட சொல்லிவிட்டிருக்கா."

"எழுதலையா நீங்க?"

"எழுதாம? கெட்டித்தாள். கறுப்பு மை. ஓரத்துல பூங்கொடி வேற போட்டேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது."

"பதில்?"

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு போஸ்ட் கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். அதில் ரெண்டே வரி.

பத்திரிகை கிடைத்தது.
யாருக்குக் கல்யாணம்?

காலேஜ் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மைமூன் சிரிக்கவில்லை.

"பேனா சரியில்லைன்னுதான் நினைக்கேன்" என்றார் மாஸ்டர். "நீங்கதான் வழி சொல்லணும். அவ இல்லாம வீட்டுல மைக்கூடு மூடுத சத்தம்கூட பெருசாக் கேக்குது. எந்தப் பேனா?"

மைமூன் ஒரு பேனாவைத் திறந்து நீட்டினாள். கூடவே ஒரு தாள்கட்டு.

"எழுதிப் பாருங்க."

அந்தக் கடையில் அது வழக்கம். உள்ளங்கை அகலத் தாள்களை அடுக்கிச் சணல் போட்டுக் கட்டியிருப்பாள். வருகிறவர்கள் அதில் எழுதிப் பார்ப்பார்கள். ஒருத்தர் பிள்ளையார் சுழி போடுவார். ஒருத்தர் கையெழுத்துப் போடுவார். ஒருத்தர் வெறுமனே எட்டு எட்டாகச் சுழிப்பார். அடிக்கடி வருகிறவர்களுக்குத் தனித் தாள்கட்டு உண்டு. ஓரத்தில் மைமூன் தேதி போட்டு, எந்தப் பேனா, என்ன நோவு என்று குறித்து வைப்பாள். டாக்டர் சீட்டு மாதிரி. அதில் ஒரு தாளைக்கூட தூரப் போடமாட்டாள்.

மாஸ்டர் எழுதினார். கண் நிப்பு நுனியில். நாக்கு உதட்டோரத்தில்.

"கீழ இறங்கையில மை தடிக்குது."

இன்னொரு பேனா.

"மேல ஏறையில கீறுது."

இன்னொன்று.

"நல்ல பேனா. ஆனா எழுத்துக்குக் கொஞ்சம் திமிர் வருது."

எட்டுப் பேனா ஆயிற்று. மைமூன் தாளைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள்.

"நாளைக்கு உங்க பேனா எல்லாத்தையும் கொண்டு வாங்க."

மறுநாள் கொண்டு வந்தார். மரப்பெட்டி. உள்ளே சிவப்புத் துணி. துணியில் நாற்பத்தொரு பேனா.

திறந்தாரோ இல்லையோ, கடையில் பேச்சு நின்றுபோயிற்று. பச்சையில் கறுப்பு ஓடுகிற பேனா. கருநாவல்பழ நிறத்தில் ஒன்று. கையில் எடுத்ததும் கைச்சூட்டை வாங்கிக்கொண்டு, பூனைக்குட்டி மாதிரி விரலுக்குள் ஒடுங்கிக்கொள்கிற, கெட்டி ரப்பரில் கடைந்த எபனைட் பேனா. மூடியைத் திருகும்போது கடைசிச் சுற்றில் 'டிக்' என்று வீட்டுக் கதவு சாத்துகிற மாதிரி சத்தம் கொடுக்கிற ஒன்று. மைமூன் ஒவ்வொன்றையும் ரெண்டு கையாலும் வாங்கினாள், பச்சைப் பிள்ளையை வாங்குகிற மாதிரி.

"இது?"

"எங்க கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. நிப்பு இன்னும் அதேதான்."

"எழுதிப் பாருங்க."

நாற்பத்தொரு பேனாவையும் எழுதிப் பார்த்தார். மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிற்று ரெண்டு பேருக்கும்.

கடைசிப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மாஸ்டர் கேட்டார்: "கடுதாசியை எப்படித் தொடங்கணும், அதையாவது சொல்லுங்க."

மைமூன் பிளாஸ்க்கிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

மாஸ்டர் பேனாவின் நிப்பை அதில் முக்கினார்.

நீலம் சுருள் சுருளாக இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மைமூன் இன்னொரு டம்ளர் எடுத்தாள். அதிலும் வெந்நீர் ஊற்றினாள். நகர்த்தினாள்.

"இது குடிக்க."

மாஸ்டர் டம்ளரைக் கையில் எடுத்தார். வாய்க்குக் கொண்டு போகவில்லை. ஆறிப்போகிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

மூணு நாள் வரவில்லை.

நாலாம் நாள் வந்தபோது மணி மூன்றரை. கையில் மஞ்சள் பை. பை நிறையக் கிழித்த தாள்.

"பதினோரு கடுதாசி" என்றார். "எல்லாம் கிழிச்சாச்சு."

"மோசமா இருந்துச்சா?"

"அழகா இருந்துச்சு. அதான் கிழிச்சேன். 'அன்புள்ள'ன்னு தொடங்கினதும் என் கை சட்டை போட்டு, துண்டு போட்டு, சபையில போயி உக்காந்துக்கிடுது. அவகிட்டப் பேச மாட்டேங்குது." மூச்சு வாங்கினார். "நாளைக்கழிச்சுப் பூசம். நாலு மணிக்குத் தபால் எடுத்துருவாங்க. இன்னைக்குத் தவற விட்டா அதுக்குள்ள அவ கையில போய்ச் சேராது. முப்பத்தாறு வருஷத்தை ஒரு கார்டுல இருந்து இன்னொரு கார்டுக்கு மாத்தி எழுதிருவா. சொன்னா செய்வா."

மைமூன் ஒரு பேனாவை எடுத்தாள். வக்கீலம்மாவின் பேனா. காலையில்தான் நிப்பு சரி பண்ணி முடித்திருந்தாள். அந்த அம்மாவும் அதை வாங்க வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"இதை மட்டும் எழுதிப் பாருங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

மாஸ்டர் வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினார். நிப்பு தாளைத் தொட்டது. மனுஷருக்கு முகமே மாறிப்போயிற்று.

"ஆகா!" என்றார். "வாய்க்கால்ல முதல் தண்ணி வாரது மாதிரில்லா வருது! எங்கயும் முட்டலை, எங்கயும் தயங்கலை. எப்படிப் பண்ணினீங்க இதை?"

"இப்ப என்ன எழுதினீங்க?"

"ஒண்ணும் எழுதலையே. பேனாவைத்தான் பார்த்தேன்."

மைமூன் தாள்கட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள்.

ஆவுடை, என்று இருந்தது. அதற்குக் கீழே ஆவுடை. இடமில்லாமல் ஓரத்தில் சாய்ந்து, இன்னொரு ஆவுடை.

"ஓ, அதுவா" என்றார் மாஸ்டர். "பேனா சோதிக்க அதைவிட நல்ல பேரு கிடையாது. ஆவன்னாவுல நிப்பு முழுசா ஒரு சுத்து சுத்தியாகணும். 'வு'ல வால் தடிக்காம இறங்கணும். 'டை'யில மூலை திரும்புதுல்லா, அங்க மை நிக்குதா ஓடுதான்னு தெரிஞ்சுபோகும்."

"எத்தனை வருஷமா இப்படிச் சோதிக்கீங்க?"

"மாமனார் ஒரு பேனா போட்டாருன்னு சொன்னேன்லா. அதை வாங்கின அன்னைக்குத் தொடங்கினது."

மைமூன் குனிந்தாள். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை இழுத்தாள். அதில் மாஸ்டரின் பழைய தாள்கட்டுகள். ஒன்பது வருஷத்துச் சீட்டு. சணலை அவிழ்த்து மேஜையில் பரப்பினாள்.

பச்சையில் ஆவுடை. ஊதாவில் ஆவுடை. மழைநாளில் தாள் ஈரம் குடித்து, மீசை முளைத்த ஆவுடை. கை சுளுக்கியிருந்த மாசத்தில் நடுங்கி நடுங்கி ஒரு ஆவுடை. சிலது மல்லிகை மொட்டு அளவு. சிலது தாளை விட்டு வெளியே ஓடப் பார்க்கிறது. ஒன்றில்கூட அன்புள்ள கிடையாது. ஓரத்தில் கொடி கிடையாது.

வக்கீலம்மா எட்டிப் பார்த்தாள்.

மாஸ்டர் ஒரு தாளைப் புரட்டினார். இன்னொன்று. புரட்டப் புரட்டக் கை மெதுவாயிற்று. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

எதிரே தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, சாவிக்கொத்தை எடுத்தார்.

மைமூன் மேஜையிலிருந்த தாள்களில் ஒரு கைப்பிடி அள்ளினாள். ஒரு காக்கிக் கவருக்குள் திணித்தாள்.

மாஸ்டர் பதறி எழுந்தார். "அய்யய்யோ, இதையா அனுப்பப் போறீங்க? இதெல்லாம் கிறுக்கல்! இங்க பாருங்க, மை கொட்டிக் கிடக்கு. இதுல 'வு' 'வு' மாதிரியே இல்லை. அஞ்சே நிமிஷம் பொறுங்க தங்கச்சி, ஒரு நல்ல தாள்ல நான் நீட்டா..."

மைமூன் கவரின் வாயில் பசை தடவி ஒட்டினாள். டிராயரைத் திறந்து ஒரு பால் பாயிண்ட் பேனாவை எடுத்தாள். அன்றைக்கு மாஸ்டர் விட்டுப்போன போஸ்ட் கார்டில் ஆவுடை எழுதியிருந்த அனுப்புநர் விலாசத்தைப் பார்த்துக் கோணல்மாணலாக எழுதினாள். தபால்தலையை நாக்கில் நனைத்துக் குத்துவிட்டு ஒட்டினாள். செருப்புக்கூடப் போடாமல் ரோட்டைக் குறுக்கே ஓடிப்போய், தபால்காரர் விரித்துப் பிடித்திருந்த பைக்குள் அதைப் போட்டாள்.