பாறையில் அடித்த தம்பட்டம்

காட்டுக்கும் கழனிக்கும் நடுவே ஒரே ஒரு முள்வேலி நின்ற காலத்துக் கதை இது. கேளுங்கள்.

மலையடிவாரத்தில் காரைப்பட்டி என்று ஓர் ஊர். முப்பத்தேழு வீடுகள். இடிந்துபோன ஒன்றையும் சேர்த்தால் முப்பத்தெட்டு. அதில் ஓர் ஆந்தை மட்டுமே குடியிருந்ததால் நான் சேர்க்கவில்லை.

மலையில் ஏழு யானைகள். ஆறு பெரியவை, ஒன்று குட்டி. இடது காது கிழிந்த கிழட்டு யானைதான் அவற்றுக்குத் தலைவி.

அந்த ஊரில் ஒரு வழக்கம். எவர் வயலில் கேழ்வரகு முற்றுகிறதோ, அவர் வயலின் காவல் பரணில் ஏறி, அந்தி சாயும்போது தம்பட்டம் அடிப்பார்கள். யானை பயந்து ஓடிவிடும் என்று நம்பிக்கை. அடிப்பவர் ஊர்த்தலைவர் நஞ்சப்பன். அது அவருடைய அப்பன் விட்டுப்போன தம்பட்டம். அதை வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

அந்த வருஷம் முதலில் கிழக்கு வயல் முற்றியது. நஞ்சப்பன் தம்பட்டம் அடித்தார். யானைகள் நடந்து வந்து தின்றன.

அடுத்து நடுவயல் முற்றியது. இன்னொருவர் தம்பட்டமும் சேர, இரண்டு தம்பட்டம் அடித்தார்கள். யானைகள் வேகமாக நடந்து வந்து தின்றன.

அதற்கடுத்துப் பள்ளத்து வயல் முற்றியது. மூன்று தம்பட்டம் அடித்து, ஒரு கொம்பும் ஊதினார்கள். யானைகள் ஓடியே வந்து தின்றன.

மிச்சம் இருந்தது செவந்தியின் வயல். இன்னும் எட்டு நாளில் அறுக்கலாம். போன இரண்டு வருஷமும் அவளுக்கு ஒரு கதிர்கூட மிஞ்சவில்லை. இந்த முறையும் போனால், ஊரை விட்டுத் தம்பி வீட்டுக்குப் போய் அவன் மனைவி போடுகிற கூழைக் குடிக்க வேண்டியதுதான். அந்தத் தம்பி மனைவியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கூழில் தண்ணீர் அதிகம் என்று மட்டும் கேள்வி.

ஊர் கூடியது. செவந்தி வயலில் ஒன்பது தம்பட்டம் அடிப்பது என்று நஞ்சப்பன் முடிவு சொன்னார். செவந்தி எழுந்தாள்.

"ஏனுங்க தலைவரே, முத்தாத வயல்ல என்னைக்காவது அடிச்சிருக்கீங்களா?"

"முத்தாத வயலுக்கு எதுக்கம்மா காவல்?"

"அப்ப யானை காதுக்கு அது எப்படிக் கேக்குமுங்க? பந்தி போட்டாச்சு, எல்லாரும் வாங்கன்னுதானே கேக்கும்?"

ஊரே சிரித்தது. நஞ்சப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

தன் வயல் பக்கம் யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது, மேற்கே இருக்கிற மொட்டைப் பாறையில் ஏறி மூன்று நாள் அடிக்க வேண்டும் என்று செவந்தி கேட்டாள். அப்பன் தம்பட்டத்தை வெறும் கல்லுக்கு அடிப்பதா என்று நஞ்சப்பன் முறைத்தார். தோற்றால் போவது என் வயல்தானே என்றாள் அவள். ஊரார் அவள் பக்கம் பேசினார்கள். நஞ்சப்பன் முணுமுணுத்துக்கொண்டே பாறையில் ஏறினார். யானை ஏற முடியாத உயரம் அது.

முதல் நாள் அந்தியில் ஏழு யானைகளும் பாறையடிக்கு ஓடி வந்தன. கேழ்வரகைத் தேடின. குட்டி ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தது. பிறகு எல்லாம் நிமிர்ந்து நஞ்சப்பனை ஒரு பார்வை பார்த்தன. விருந்துக்குக் கூப்பிட்டு வெறும் இலை போட்டவனைப் பார்க்கிற பார்வை. அவருக்கே வெட்கமாகிவிட்டது.

இரண்டாம் நாள் நான்கு யானைகள் வந்தன, மெதுவாக.

மூன்றாம் நாள் குட்டி வந்தது. அதை இழுத்துப் போக அதன் தாய் வந்தது. ஆக, இரண்டு.

நான்காம் நாள் செவந்தி நஞ்சப்பனிடம் போனாள். இன்று என் வயலிலேயே அடியுங்கள் என்றாள். யானைகள் வந்துவிடுமே என்றார் நஞ்சப்பன். இருந்தாலும் பரணில் ஏறி அடித்தார். முப்பத்தேழு வீட்டாரும் வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மலையில் குட்டி காதைத் தூக்கியது. கிழட்டு யானை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பேசாமல் மூங்கிலைத் தின்னு. அது அந்தப் பாறைக்காரன்" என்றது.

ஒன்றுகூட வரவில்லை. அறுப்பு முடியும்வரை தினமும் அடித்தார்கள், தினமும் வரவில்லை. செவந்தி வீட்டுக்கு நாற்பத்தொரு கட்டுக் கதிர் வந்து சேர்ந்தது.

அவள் அதோடு விடவில்லை. மறுபடி ஊரைக் கூட்டினாள். யானைகளை மூன்று நாள் ஏமாற்றிவிட்டோம், குட்டைக்குத் தண்ணீர் குடிக்க அவை போகிற பழைய வழியையும் வேலி போட்டு அடைத்திருக்கிறோம், அதையாவது திறந்துவிடுவோம் என்றாள். முப்பத்தேழு வீட்டாரும் வேலியைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டார்கள். வழியின் அகலம் இருபது அடி எடுத்துவைக்கிற தூரம். அளந்தவர் நஞ்சப்பன். அவருக்கு நீளக் கால் என்பதால் யானைகளுக்குக் கொஞ்சம் லாபம்.

அன்றுமுதல் காரைப்பட்டியில் முற்றிய வயலிலும் அடித்தார்கள், முற்றாத வயலிலும் அடித்தார்கள், பாறையிலும் அடித்தார்கள். யானைகள் தம் வழியே வந்து, தண்ணீர் குடித்து, தம் வழியே போயின. தன் தம்பட்டத்துக்குப் பயந்துதான் அவை வயலுக்குள் வருவதில்லை என்று நஞ்சப்பன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். செவந்தியும் ஆமாம் போட்டாள்.

ஆகவே, இன்னோர் உயிரை விரட்டக் கிளம்புமுன் நாம் செய்வது அதன் காதில் எப்படி விழுகிறது என்று யோசித்து, அதற்கு உரிய வழியையும் விட்டுவிட்டால், ஒரே மண்ணில் இருவரும் பசியாறலாம்.