ஆமை கேட்ட பழைய பாட்டு

காட்டுக் குளத்துத் தவளைகள் பாட ஆரம்பித்தால் போதும், மாடத்தி ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும்.

"இதெல்லாம் ஒரு பாட்டா? கல்லை உருட்டிவிட்ட மாதிரி கடகடன்னு!" என்று உள்ளேயிருந்தே வையும். "அந்தக் காலத்துல ஒரு தவளை எடுத்துக் கொடுக்கும், மத்ததுங்க காத்திருந்து சேரும். தூறல் விழுற மாதிரி இருக்கும்!"

ஆமைக்கு ஆயுசு கெட்டி. அந்தக் காலத்துத் தவளைகளின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள்தான் இப்போது பாடுகின்றன. அவற்றுக்கும் ரோஷம் இருக்காதா?

"பெரியம்மா! அந்தப் பாட்டை முனகிக் காட்டுங்க. அச்சு அசலாப் பாடுறோம். அப்புறம் எங்க பாட்டைக் குறை சொல்லக் கூடாது, சம்மதமா?" என்றது குண்டன் தவளை.

"சம்மதம்!" என்றது மாடத்தி. சாவதற்குள் இன்னொரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும் என்று அதன் மனசு அடித்துக்கொண்டது.

மழை விட்ட ஒரு மாலையில், மாடத்தி முனகிக் காட்டிய பாட்டைத் தவளைகள் பாடின. ஓரிடத்திலும் பிசகவில்லை. கழுத்தை நீட்டிக் கேட்ட மாடத்தி, உருக்கமான ஓர் இழுப்பு வந்ததும் சட்டென்று பக்கத்தில் திரும்பி, "கேட்டியா?" என்றது.

அங்கே வெறும் புல்தான் இருந்தது.

முன்பெல்லாம் அங்கே முள்ளம்பன்றி உட்காரும். அந்த இழுப்பு வந்ததும் முள்ளைச் சிலிர்த்துச் சலசலவென்று தாளம் போடும். "கேட்டியா, மாடத்தி!" என்று ஆமையின் ஓட்டில் இடிக்கும். அது செத்து எத்தனையோ மழைக்காலம் ஆகிவிட்டது.

"என்ன பெரியம்மா, தப்பாப் பாடிட்டோமா?"

"இல்லடா. பாட்டு அதேதான். அவன்தான் இல்ல."

தவளைகள் மறுபடி தங்கள் கடகடப் பாட்டையே எடுத்தன. மாடத்தி பழக்கத்தில் தலையை இழுக்கப் போனது. அப்போதுதான் குளத்துக்குப் புதிதாக வந்த நீர்க்கோழி அதன் கண்ணில் பட்டது. தனியாக நின்று வாலை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தது. துள்ளலான ஓரிடத்தில் அது ஆசையாகப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தது. அங்கேயும் யாருமில்லை.

மாடத்தி மெல்ல மெல்ல நகர்ந்துபோய் அந்த இடத்தில் உட்கார்ந்தது.

"கேட்டீங்களா?" என்றது நீர்க்கோழி, முகமெல்லாம் மலர்ந்து.

"கேட்டேன்டி! எனக்கு ஒண்ணும் பிடிபடல. எந்த இடத்தைச் சொன்னே, மறுபடி வந்தா சொல்லு!"

பழைய பாட்டுக்கு ஏங்குகிறவர்கள் பல நேரம் ஏங்குவது கூட உட்கார்ந்து கேட்டவருக்காகத்தான். ஆகவே இன்றைய பாட்டை இன்று பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து கேளுங்கள்.