மாடத்தியின் நமஸ்தே

"எனக்குள் இருக்கும் தெய்வம் உனக்குள் இருக்கும் தெய்வத்தை வணங்குகிறது. நமஸ்தே என்றால் அதுதான்!" என்று நாற்பது பேருக்குப் பாடம் சொன்னார் யோகா குரு சதாசிவம். வாயெல்லாம் தேன்.

அடுத்த நிமிடமே, தரை துடைக்கும் மாடத்தியின் ஈரத்துணி அவருடைய பாயில் பட்டுவிட்டது.

"கழுதை! இத்தனை பேர் முன்னால் என் காலில் விழு. இல்லையென்றால் வேலையை விட்டு ஓடு!"

மாடத்திக்குக் கோபம் சுர்ரென்று உச்சந்தலைவரை ஏறியது. ஆனாலும் கும்பிட்டபடியே கேட்டாள்: "விழுதேன் சாமி. எனக்குள்ளயும் தெய்வம் இருக்குன்னு இப்பதானே சொன்னீய? நான் விழுந்தா அதுவும்லா சேர்ந்து விழும்? அந்தப் பாவம் எனக்கா, உங்களுக்கா?"

நாற்பது பேரும் களுக்கென்று சிரித்தார்கள்.

"முதல்ல உங்க தெய்வத்தை எழுப்புங்க," என்று வாளியைத் தூக்கினாள் மாடத்தி. "என்னுது அஞ்சு மணிக்கே எந்திரிச்சு உங்க தரையைத் தொடச்சிட்டிருக்கு."