கடைசி வாசலில் ஒருவருக்கு மட்டும்

குருவுக்குத் தாடி இருக்கும், சீடருக்கு வயது குறைவாக இருக்கும் என்று உலகம் நெடுங்காலமாக நம்பிவருகிறது. இந்தப் பிழையைத் திருத்தாமல் மேலே செல்வது தர்மமல்ல. அந்த மலையடி மடத்தின் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. பெண். சீடர் அருளப்பனுக்கு அறுபத்து மூன்று. கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். தாடி அவரிடம்தான் இருந்தது.

ஆறு பக்கக் கட்டுரை ஒன்றோடு அவர் மாலையில் மடத்துக்கு வந்தார். மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை. படியேறியதில் மூச்சு வாங்கியது.

குரு அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பதினோரு பேர் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கேளுங்க."

"நாவல் உசத்தியா, அதை வச்சு எடுத்த படம் உசத்தியா அம்மா?"

"எந்த நாவல்?"

அருளப்பன் சொன்னார். நாடே வறண்டுபோன காலம். குடிதண்ணீருக்காக ஜனங்கள் ஒரு கணினி விளையாட்டுக்குள் இறங்குகிறார்கள். இரண்டு இரண்டு பேராகத்தான் ஆடவேண்டும். ஆனால் கடைசி வாசலில் ஒருவருக்குத்தான் இடம். நாயகன் கூட்டாளியை விட்டுவிட்டுத் தனியாகக் கடந்துபோகிறான்.

"படத்துல?"

"கூட்டாளிக்காகத் திரும்பிப் பார்க்கிறான். அசட்டுத்தனம். மூல நூலுக்குத் துரோகம். நாவல்ல அவன் சட்டை பச்சை, படத்துல நீலம். இப்படிப் பதினாறு வித்தியாசம் எழுதியிருக்கேன். நாளைக்குப் பத்திரிகைக்குப் போகுது."

"சட்டைக்காகவா தூக்கம் கெட்டீங்க?"

அருளப்பன் கட்டுரையைச் சுருட்டினார்.

"செண்பகராமன், படம்தான் உசத்திங்கிறான். முப்பது வருஷ சிநேகிதம். மூணு வாரமாப் பேச்சில்லை. அவன் பேரைப் போட்டே மறுத்து எழுதியிருக்கேன்."

"அச்சாச்சுன்னா?"

"அப்புறம் என் வீட்டு வாசலை மிதிக்க மாட்டான்." சொல்லிவிட்டுத் தாடியைத் தடவினார். "ஆனா, உண்மைன்னு ஒண்ணு இருக்கில்லையா அம்மா?"

குரு டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றை அவரிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டார். மற்றதையும் நீட்டினார். அருளப்பன் கட்டுரையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதையும் வாங்கினார்.

"படத்தை யார்கூடப் பார்த்தீங்க?"

"செண்பகராமன்கூடத்தான்."

"முழுசாவா?"

"கடைசி வாசலைப் பாதியிலேயே காட்டி, நாயகன் திரும்பிப் பார்க்கிற இடத்துல இடைவேளை விட்டாங்க. எனக்கு ஆத்திரம் தாங்கலை. எழுந்து வீட்டுக்கு வந்துட்டேன்."

"பாதிப் படத்துல பதினாறு வித்தியாசமா?"

"மீதியை விமர்சனத்துல படிச்சேன்."

"சரி. கிளம்பறேன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவன் பக்கத்துல இல்லை அம்மா. ரெண்டு பேருக்கும் டீ வாங்கப் போயிருந்தான்."

குரு அடுப்பை அணைத்தார். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். கரித்துணியை உதறிக் கொடியில் போட்டார்.

டம்ளர்கள் சுட்டன. அருளப்பன் கை மாற்றப் பார்த்தார். மாற்றிக்கொள்ள வேறு கை இல்லை. கட்டுரை நழுவிக் கீழே விழுந்தது. குனியவும் முடியவில்லை.

"அம்மா, இதுல ஒண்ணை எங்கே வைக்கிறது?"

குரு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியலையே. அன்னைக்கு அவர் எங்கே வச்சாரு?"

அருளப்பன் இரண்டு டம்ளரையும் பார்த்தார்.

அந்த மாதப் பத்திரிகை ஆறு பக்கம் குறைவாக வந்தது.