ஒன்னே ஒன்னுதான சாமி

இப்ப நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும், என் வண்டியோட மூணு சக்கரமும் ஒரே நேரத்துல பஞ்சராகட்டும். அதுவும் ஏத்தத்துல, கேன் நெறைய தண்ணியோட. மூணாப்போட பள்ளிக்கூடத்த விட்டவன் நான். பொய்யச் சோடிச்சுப் பேசற அளவுக்கெல்லாம் நம்ம படிப்பு பத்தாது.

ராஜபாளையத்துக்கு மேக்க, மலையடிவாரத்துல ஒரு மடம் இருக்கு. மடம்னதும் பெரிசா நெனச்சுக்காதீங்க. ரெண்டு ரூம்பு, ஒரு தகரக் கொட்டாய், ஒரு கொய்யா மரம். அங்க இருக்கறவரு பேரு சட்டைச்சாமி. சாமியாரு ஆகறவங்க மொதல்ல சட்டையத்தான் கழட்டுவாங்க. இவரு முழுக்கை சட்டை போட்டு, கழுத்து வரைக்கும் பட்டன மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. முன்னால கரண்டு ஆபீசுல கம்பம் ஏறிக்கிட்டு இருந்தவரு. வயசும் ஒன்னும் ஆகல, நாப்பத்தி ரெண்டு. சக்கரை வியாதி மட்டும் எழுபது வயசுக்காரனுக்கு இருக்கற அளவுக்கு இருக்கு. போன வருசம் இடது கால்ல சுண்டு விரலையே எடுத்துட்டாங்க.

அங்க தண்ணி கேன் போடறது நான்தான். வெள்ளிக்கிழமையின்னா கேனோட ஒரு பொட்டலம் ஜிலேபியும் போகும். சாமியப் பாக்கப் போறவன் கைய வீசிக்கிட்டா போவான்?

அங்க வர்ற எல்லாரும் அப்படித்தான். எல்லாருக்கும் மேல முத்துச்செல்வி. டவுன்ல தையக்கடை வச்சிருக்கு. பதினோரு வருசமா சாமிக்கு சிஷ்யை. மூச்சக் கவனின்னு சாமி சொன்னா கவனிக்கும். பேச்சக் கவனின்னு சொன்னா மட்டும் கவனிக்காது. ஆனா சாமிக்கு விரல் எடுத்தப்ப, ஒம்பது நாளும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனது அதுதான். அதையும் சொல்லணும்ல.

அன்னைக்குப் புதன்கிழமை. பள்ளிக்கூடத்துக்குக் கிறிஸ்துமஸ் லீவு விட ரெண்டு நாள் இருக்கு.

முத்துச்செல்வி வந்த வேகத்துல வண்டிக்கு ஸ்டாண்டு கூடப் போடல, கொய்யா மரத்துல சாச்சு விட்டுச்சு. ஒரு கையில மக மிதுனா, நாலரை வயசு. இன்னொரு கையில பால்கோவா டப்பா. தோள்ல ஒரு மஞ்சப்பை. டப்பாவச் சாமி முன்னாடி வச்சுச்சு, விழுந்து கும்புட்டுச்சு, எந்திரிக்கறப்பவே கேட்டுச்சு.

“சாமி, கோவத்த அடக்கணுமா, ஆள அடிக்கணுமா?”

“யார?”

“இருபத்தஞ்சு பேர.”

சாமி உக்காரச் சொன்னாரு. அது உக்காரல. நின்னுக்கிட்டே ஆரம்பிச்சுச்சு.

சங்கதி இதுதான். மிதுனா எல்கேஜி படிக்குது. கிளாசுல இருபத்தாறு புள்ளைங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொறந்தநாளு, பொறந்தநாளுன்னா கிளாஸ் பூராவுக்கும் சாக்லேட்டு. அது போக தீவாளிக்கு ஒரு பார்ட்டி, குழந்தைங்க தினத்துக்கு ஒரு பார்ட்டி. புள்ள காலையில இட்லியோட போகுது, சாயங்காலம் மிட்டாய்க்கடையோட வருது.

போன மாசம் அதுக்கு ஒரு பக்கத்துக் கன்னம் வீங்கிப்போச்சு. கடவாப்பல்லுச் சொத்தை வேர் வரைக்கும் போயிருச்சாம். புள்ளைய நாலு பேரு அமுக்கிப் புடிச்சுக்க, டாக்டரு மிசின வச்சுக் கொடைஞ்சிருக்காரு. அது கத்துன கத்தல்ல, வெளிய உக்காந்திருந்த பெரிய ஆளுங்க ரெண்டு பேரு எங்களுக்குப் பல்லுவலி போயிருச்சுன்னு எந்திரிச்சு வீட்டுக்கே போயிட்டாங்களாம். பல்லுக்கு மேல வெள்ளி கணக்கா ஒரு மூடியப் போட்டு அனுப்பியிருக்காரு. பக்கத்துப் பல்லுலயும் கறுப்பு விழுந்திருக்கு, இனி இனிப்பு பட்டுச்சுன்னா புடுங்கத்தான் வேணும்னும் சொல்லி விட்டிருக்காரு.

இந்த நேரம் பாத்து பள்ளிக்கூடத்து வாட்ஸப்புல தகவல் வருது. வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ் விழா. பெத்தவங்களும் வரணும், வர்றப்ப மத்த புள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு தின்பண்டம் கொண்டாரணும்.

முத்துச்செல்வி நேர்ல போயி, எம்புள்ள கையில குடுக்காதீங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லியிருக்கு. டீச்சரம்மா சிரிச்சுக்கிட்டே, ஒன்னே ஒன்னுதான மேடம், ஆசையா குடுக்கறாங்க, வேணாம்னா பாவம் மூஞ்சி வாடிப்போயிரும்னு சொல்லியிருக்கு. சரி, பெத்தவங்களுக்குப் புரியும்னு குரூப்புல எழுதிப் போட்டுச்சாம். ஒரு அம்மா, ஊர்லயே இவங்கதான் புள்ள பெத்திருக்காங்க போலன்னு பதில் போட, அதுக்குக் கீழ பதினாலு பேரு சிரிக்கற பொம்மைய வரிசையாப் போட்டு விட்டிருக்காங்க.

“ஒன்னே ஒன்னாம் சாமி. நெசந்தான், ஒருத்தி கூட ரெண்டு குடுக்கறதில்ல. அம்புட்டு நல்லவளுங்க. ஆனா இருபத்தஞ்சு கைக்கும் எம்புள்ளைக்கு வாய் ஒன்னுதான இருக்கு? அது கன்னத்தப் புடிச்சுக்கிட்டு அழுதப்ப இதுல எவ வந்து தூக்கி வச்சுக்கிட்டா?”

எனக்கே கையி பரபரன்னு வந்துச்சு. நியாயமான கோவம்தான அது. ஆனா என் கண்ணு டப்பா மேல இருந்துச்சு. ஏன்னா வழக்கமா சாமி அதுல ஒரு துளி கிள்ளி வாயில போட்டுக்கிட்டு டப்பாவ எங்க பக்கம் தள்ளி விட்டுருவாரு. அதுல நம்ம பங்கு ஒன்னு உண்டு.

அன்னைக்குத் தள்ளல. மூடியத் தொறந்தாரு, ஒரு உருண்டை எடுத்துத் தின்னாரு. அப்புறம் இன்னொன்னு. முத்துச்செல்வியோட கதை வாட்ஸப்பு குரூப்புக்கு வந்து சேந்தப்ப, சாமி நாலாவது உருண்டைக்கு வந்து சேந்திருந்தாரு.

“அம்மா, சாமி எல்லாத்தையும் தின்னுட்டாரு”ன்னு மிதுனாதான் சொல்லுச்சு.

முத்துச்செல்வி அப்பத்தான் பாத்துச்சு.

“சாமி, போதும்.”

“ஏன் தாயி?”

“சக்கரை ஏறிரும்.”

“நீ கொண்டாந்ததுதான?”

“ஒன்னே ஒன்னு வாயில போடுவீங்கன்னு ஆசையா கொண்டாந்தேன் சாமி. அதுக்காக...”

தான் சொன்னது தன் காதுலயே விழுந்திருச்சு.

சாமி விரலத் தொடச்சுக்கிட்டு, உள்ள அலமாரியத் தொறந்து காட்டுன்னு என்கிட்டச் சொன்னாரு. தொறந்தேன். லட்டு ஒரு டப்பா, அல்வா ஒரு டப்பா, அதிரசம் ஒரு தூக்குவாளி, கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலம். அடியில எறும்பு ஊர்கோலத்தோட போன வெள்ளிக்கிழமை நான் கொண்டாந்த ஜிலேபி.

“எத்தனை கண்ணாயிரம்?”

“ஆளுக்கு ஒன்னே ஒன்னுதான் சாமி.”

முத்துச்செல்வி என்னை ஒரு மொற மொறச்சுச்சு. அப்புறம் சாமி பக்கம் திரும்புச்சு. இன்னும் கோவம்தான். யார் மேலன்னு மட்டும் அதுக்கே தெரியல.

“வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நீங்க?”

“சொன்னேன்.”

“எப்ப?”

“விரல் எடுத்த அன்னிக்கு.”

எனக்கு ஞாபகம் இருக்கு. வேணாம்னு சாமி சொன்ன மறுவாரமே முத்துச்செல்வி மதுரை வரைக்கும் பஸ் ஏறிப் போயி, சக்கரை போடாத அல்வான்னு ஒன்னத் தேடிப் புடிச்சு வாங்கியாந்துச்சு. அதுக்கு மறுவாரம் பழையபடி பால்கோவா.

“அப்புறம் ஏன் சாமி தின்னீங்க?”

“வேணாம்னப்ப உன் மூஞ்சி வாடிப்போச்சு.”

மிதுனாவுக்கு அலுத்துப்போச்சு போல, அம்மா தோள்ல கெடந்த மஞ்சப்பைக்குள்ள கைய விட்டு எதையோ உருவுச்சு. பெரிய சாக்லேட்டு, செவப்பு ரிப்பன் கட்டுனது. பைக்குள்ள பாத்தேன், அதே மாதிரி பை நெறைய கெடக்கு. எண்ணவே வேண்டாம்.

“இது வெள்ளிக்கிழமைக்கு. எல்லாத்தையும் விட எங்களுதுதான் பெரிசு”ன்னு சாமிகிட்ட பெருமையாக் காட்டுச்சு.

நான் கேனைத் தூக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். சிரிக்கறது தெரிஞ்சா இருபத்தஞ்சு அடியும் நமக்குத்தான்.

முத்துச்செல்வி பைய இழுத்து மூடுச்சு. தரையப் பாத்துக்கிட்டே கேட்டுச்சு.

“எல்லாரும் குடுக்கறப்ப நாங்க மட்டும் வெறுங்கையா போயி நின்னா ஒரு மாதிரியா இருக்காதா சாமி?”

“இருக்கும்.”

“அப்ப?”

“இருக்கட்டும். வெறுங்கையா போ. போயிட்டு இங்க வா. இங்கயும் வெறுங்கையா வா.”

“அவங்கள எப்படி நிறுத்தறதுன்னு நீங்க சொல்லவே இல்லயே?”

“விரல் போனதுலருந்து உன் ஒருத்திய நிறுத்தவே எனக்கு வழி தெரியல தாயி. இருபத்தஞ்சு பேர நிறுத்த வழி தெரிஞ்சா எனக்குஞ் சொல்லு.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வாசல்ல கேன் எறக்கிக்கிட்டு இருக்கேன், முத்துச்செல்வி வந்துச்சு. கையில ஒன்னும் இல்ல. பதினோரு வருசப் பழக்கம் பாருங்க, வெறுங்கைய எங்க வச்சுக்கறதுன்னே அதுக்குத் தெரியல. துப்பட்டாவப் புடிச்சுச்சு, விட்டுச்சு. வண்டிச்சாவிய இந்தக் கையிலருந்து அந்தக் கைக்கு மாத்துச்சு. கும்புட்டுட்டு உக்காந்துச்சு. மிதுனா கொய்யா மரத்தடியில ஓணானத் தொரத்திக்கிட்டு இருந்துச்சு.

நான் கேன மெதுவாவே எறக்குனேன். கதை கேக்கணும்ல.

நீங்க என்ன கொண்டாந்தீங்கன்னு டீச்சரு ரெண்டு தடவ கேட்டுச்சாம். ஒன்னும் கொண்டாரலன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டு நின்னுச்சாம். அந்த நிமிசம் தரை பொளந்து உள்ள இழுத்துக்கிட்டா தேவலன்னு இருந்துச்சாம். அதுக்காக ஒருத்தியும் நிறுத்தல. மிதுனா பையில வரிசையா வந்து விழுந்துச்சு. எல்லாம் முடிஞ்சதும், முத்துச்செல்வி அந்தப் பைய அப்படியே கொண்டுபோயி டீச்சர் மேசையில வச்சுட்டு, இது எங்களுக்கு வேணாம்னு சொல்லிட்டு வெளிய வந்திருச்சு. டீச்சர் மூஞ்சி போன போக்கச் சொல்ல முடியாதாம்.

“புள்ள?”

“அழுதா சாமி. பள்ளிக்கூட வாசல்ல பொரண்டு அழுதா. எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க, ராட்சசியப் பாக்கற மாதிரி. அவ மூஞ்சி அப்படியே வாடிப்போச்சு.”

“அப்புறம்?”

“வண்டியில ஏத்துனேன். தேம்பிக்கிட்டே வந்தா. பாலத்துக்கிட்ட யாரோ ஆட்டுக்குட்டிய மடியில வச்சுக்கிட்டு பைக்குல போனாங்க. அதப் பாத்துச் சிரிச்சா.”

“எவ்வளவு நேரம் இருக்கும்?”

“வாடுனதா? அஞ்சு நிமிசம் இருக்கும் சாமி.”

சாமி அப்படியான்னு கேட்டாரு. கேட்டுட்டு, விரல் இல்லாத அந்தக் கால மெதுவாத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தாரு.

அந்த நேரம் பாத்துத்தான் நான் உள்ள போனேன். வெள்ளிக்கிழமையாச்சே. வர்ற வழியில சுடச்சுட வாங்குன ஜிலேபி, பொட்டலம் இன்னும் சூடு ஆறல. சாமி முன்னாடி வச்சேன். சாமி அத என் பக்கம் தள்ளுனாரு.

“வேணாம் கண்ணாயிரம்.”

“ஒன்னே ஒன்னு சாமி.”

“வேணாம்.”

என் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது, மடத்துல கண்ணாடி கெடையாது. ஆனா முத்துச்செல்வி பதறிப்போயி எந்திரிச்சிருச்சு.

“சாமி, பாவம் சாமி. மனுசன் அப்படியே வாடிப்போயிட்டாரு.”

சாமி என் பக்கம் திரும்பவே இல்ல. முத்துச்செல்வியப் பாத்துத்தான் சொன்னாரு.

“அஞ்சு நிமிசந்தான தாயி?”

எந்திரிச்ச வேகத்துலயே அது திரும்ப உக்காந்துருச்சு.

கதை அம்புட்டுத்தான். ஆனா அந்த அஞ்சு நிமிசமெல்லாம் சின்னப் புள்ளைங்களுக்குத்தான் போல. எனக்கு இன்னும் வாடித்தான் கெடக்கு. அதனால கேட்டவங்க ஆளுக்கு ஒரு டீ சொல்லுங்க, சக்கரை தூக்கலா, கூடவே நாலு ஜிலேபி. ஒன்னே ஒன்னெல்லாம் எனக்குப் பத்தாது. கைய வீசிக்கிட்டு எந்திரிச்சுப் போயிரலாம்னு மட்டும் பாக்காதீங்க. வெறுங்கையெல்லாம் சாமிக்குத்தான். எனக்குச் சக்கரை கெடையாது, போன வாரந்தான் பாத்தேன்.